டாக்டர் பெட்டிக்ரூவின் குறடு

காலை ஆறு மணிக்கு உனா கார்கில் பதினான்காம் குழிக்குப் பக்கத்தில், முழங்கால் உயரப் புல்லுக்கு நடுவே நின்று, அந்தப் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். கோல்ஃப் மைதானத்தில் யாரும் தண்ணீர் விடாத இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். ரஃப் என்று பெயர். கோணலாக அடித்தவனுக்குத் தண்டனையாக வெட்டாமல் விட்டிருக்கும் புல். பந்து அதற்குள் போனால் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடித்தால் அடிக்க முடியாது. இன்வர்லெஸ்க் கிளப்பின் மைதானத்தை அவள் இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறாள். இத்தனை காலத்தில் ரஃப்புக்கு அவள் செய்த ஒரே உபகாரம், அதை அதன் பாட்டுக்கு விட்டதுதான். இப்போது பத்து நாளாகத் தினமும் ஒரு தொட்டித் தண்ணீரை அதன் காலில் கொட்டிக்கொண்டிருக்கிறாள். புல்லும் கூச்சமில்லாமல் குடித்துக் கொழுத்து, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, நனைந்த ஆட்டுமந்தை படுத்திருப்பதுபோல் கிடந்தது.

ஸ்காட்லாந்தில் மழை இல்லை என்று சொன்னால் சொல்கிறவனை ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஆனால் அந்த வருஷம் மே மாதம் பாதியில் நின்ற மழை, ஜூலை வந்தும் திரும்பவில்லை. ஓடையிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு தொட்டிக்கு மேல் எடுக்கக் கூடாது என்று மேலிடத்துக் கடிதம் வந்துவிட்டது. ஒரு தொட்டி என்பது பதினெட்டுக் குழிகளுக்கும் காணாது. ஆனாலும் உனாவுக்கு ஒரு கணக்கு இருந்தது. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்குக் கிரீன் என்று பெயர். மற்ற கிரீன்களின் புல் பழைய புல், வேர் ஆழம், காய்ந்தாலும் பிழைத்துக்கொள்ளும். ஏழாம் குழியின் கிரீன் மட்டும் அப்படியில்லை. இரண்டு பனிக்காலத்துக்கு முன்னால் அவளும் உதவியாள் டேவியுமாகப் பழைய புல்லை உரித்துப் போட்டுவிட்டு, கடல்காற்றில் விரல் மரக்க மரக்க, மண்டியிட்டு ஒவ்வொரு பாளமாகப் பதித்த புல் அது. வேர் இன்னும் ஒரு சாண்கூட இறங்கவில்லை. ஒரு வாரமாக அது பிஸ்கட் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. நேற்று மிதித்தபோது வறுத்த ரொட்டியை மிதித்தாற்போல் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் இரவு படுக்கையிலும் அவள் காதுக்குள் இருந்தது. இன்னும் இரண்டு நாள் தண்ணீர் காணாவிட்டால் ஏழாவது போய்விடும். போனால் போனதுதான், மறுபடி இரண்டு வருஷம்.

இதையெல்லாம் கேப்டனிடம் சொல்லாமல் இல்லை.

கேப்டன் என்றால் கப்பல் கேப்டன் இல்லை, படைக் கேப்டன் இல்லை. கிளப்பின் கேப்டன். வருஷத்துக்கு ஒருவர், பதவி வரிசையில் வரும், சாகாமல் காத்திருந்தால் போதும். இந்த வருஷம் டாக்டர் லாரிமர் பெட்டிக்ரூவின் முறை. முப்பத்தைந்து வருஷம் ஊர்க்காரர்களின் பல்லைப் பிடுங்கி ஓய்வு பெற்றவர். பதவி ஏற்ற மறுநாளே சிவப்புக் கோட்டுப் போட்டுப் படம் எடுத்து மாடிப்படிச் சுவரில் மாட்டியாகிவிட்டது. அது போதாதென்று, தன் பெயர் நிற்கிறாற்போல் உலகத்துக்கு ஏதாவது விட்டுவிட்டுப் போக வேண்டும் என்ற எண்ணம் வந்து, வீட்டுக் கார்க்கொட்டகையில் எட்டு மாதம் உட்கார்ந்து ஒரு கோல்ஃப் மட்டையைக் கண்டுபிடித்திருந்தார். அதன் தலைக்கு அடியில், பல் பிடுங்கும் குறடுபோல இரண்டு வளைந்த விளிம்புகள். ஈரமான, கனத்த ரஃப்பில் மாட்டிக்கொண்ட பந்தை அது அலுங்காமல் குலுங்காமல் வெளியே எடுத்துவிடுமாம். பெயரும் குறடு என்றே வைத்தார். எடின்பரோவிலிருந்து கோல்ஃப் பத்திரிகை ஒன்றின் நிருபர் வந்து சோதனையை நேரில் பார்ப்பதாக ஏற்பாடு. வந்த ஒரே தடங்கல், சோதிப்பதற்கு ஈரம் இல்லை.

தொட்டியை ரஃப்புக்குத் திருப்பச் சொல்லி உத்தரவு வந்த அன்று உனா நேரே கமிட்டி அறைக்குப் போனாள். பூட்ஸைக் கழற்றிவிட்டு வா என்றார்கள். கழற்றிவிட்டுக் காலுறையோடு நின்று ஏழாவது கிரீனைப் பற்றி எடுத்துச் சொன்னாள். பெட்டிக்ரூ பொறுமையாகக் கேட்டார். அவரிடம் அது ஒரு கெட்ட பழக்கம். வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்பவரைப்போல, பதில் வேண்டாமலே கேட்பார்.

“காஞ்ச புல்லுல எந்த மடையன் வேணா அடிப்பான் உனா. வாய்ல ஈரம் இருந்தாத்தான் குறடு வழுக்குதா இல்லையான்னு தெரியும். ஒரு பத்து நாள். சோதனை முடிஞ்ச நிமிஷம் தொட்டி உன்னுது.”

அதை அப்படியே தீர்மானமாக எழுதிக்கொண்டார் செயலாளர் மேட்லண்ட் ஸ்மீட்டன். நீதிமன்றத்தில் நாற்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். கோல்ஃப் விதிப்புத்தகத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் காலைக் கஞ்சியே குடிப்பார். ரஃப்பிலிருந்து குறடால் அடித்த பந்து நூறு கஜத்துக்குக் குறையாமல் போய், விதிப்படி கண்டெடுக்கப்பட்டு, நாடா வைத்து அளந்தால் சோதனை முடிந்ததாகக் கொள்ளப்படும். அதுவரை தொட்டி பதினான்காவதுக்கே என்று எழுதினார். பந்து அவ்வளவு தூரம் போகாவிட்டால் என்ன என்று உனா கேட்டாள். தோல்வி என்ற வார்த்தை அந்தத் தீர்மானத்தில் எங்கேயும் இல்லை. கேப்டனின் முகத்துக்கு நேரே அதை எழுத யாருக்கும் மனசு வரவில்லை. உனா பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

காலைத் தண்ணீர் விட்ட அதே செவ்வாய்க்கிழமை, பத்து மணிக்கு எல்லோரும் சோதனைக்கு வந்து சேர்ந்தார்கள். கூடவே கடலிலிருந்து வெண்மூட்டமும் வந்து சேர்ந்தது. மழையாகப் பெய்யவும் மாட்டாது, விலகித் தொலையவும் மாட்டாது; சட்டையை மட்டும் நனைக்கும். முப்பதடிக்கு அப்பால் நிற்கிறவர் புகைமாதிரித் தெரிந்தார். பத்திரிகை நிருபர் ரோனா பெல் வெள்ளைக் கான்வாஸ் செருப்போடு வந்திருந்தாள். ரஃப்பின் ஓரத்தில் கால் வைத்ததும் செருப்பு இரண்டும் தண்ணீர் குடித்துச் சப் சப் என்று பேச ஆரம்பித்தன. ஊரெல்லாம் காய்ந்து கிடக்கிறதே, இங்கே மட்டும் எப்படி இவ்வளவு ஈரம் என்று கேட்டாள்.

“இயற்கை” என்றார் பெட்டிக்ரூ.

உனா குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். டேவி அவள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, குழாயின் மறுமுனையைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

பெட்டிக்ரூ தன் பந்தை எல்லோருக்கும் காட்டினார். அந்த ஊரில் ஒவ்வொருவரும் தன் பந்தில் மையால் ஓர் அடையாளம் போட்டுக்கொள்வார்கள், யாருடையது என்று பின்னால் சண்டை வராமலிருக்க. அவருடைய அடையாளம் ஒரு கடைவாய்ப்பல், இரண்டு வேரோடு. அதைப் புல்லுக்குள் போட்டார். பந்து உடனே மறைந்தது. குனிந்து புல்லை விலக்கிப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டி, குறடைப் பந்துக்குப் பின்னால் தரையில் வைத்தார். வைத்த கனத்தில் புல் அமுங்கி, பந்து ஒரு விரல்கடை கீழே இறங்கியது.

“நகந்துருச்சு” என்றார் ஸ்மீட்டன்.

இது போட்டியில்லை, சோதனைதான் என்று ரோனா சொல்லிப் பார்த்தாள். ஸ்மீட்டன் அவளை இரக்கத்தோடு பார்த்தார். பந்து நகர்ந்தால் கணக்கில் ஓர் அடி தண்டம். அது போட்டியா சோதனையா என்று பந்துக்குத் தெரியாது என்றார். பெட்டிக்ரூ கோபப்படுவார் என்று உனா எதிர்பார்த்தாள். அவரோ, நகர்ந்தது உண்மைதான், நானே சொல்ல இருந்தேன் என்று கையைத் தூக்கினார். பிறகு பந்து நகர்ந்ததா அமிழ்ந்ததா, அமிழ்ந்தது நகர்ந்ததில் சேருமா என்று இருவரும் புத்தகத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு பன்னிரண்டு நிமிஷம் பேசினார்கள். ஒரு தண்டம் போட்டால் எத்தனையோடு கூட்டுவது, கூட்ட எதிரே ஓர் ஆட்டமே இல்லையே என்ற கேள்வி இருவருக்கும் எழவில்லை. பன்னிரண்டு நிமிஷத்தில் ஏழாவது கிரீன் முழுவதையும் ஒரு சுற்று நனைத்திருக்கலாம் என்று உனா நினைத்தாள். நினைத்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

முதல் அடியில் குறடு தன் பெயருக்குப் பழுதில்லாமல் வேலை செய்தது. இரண்டு விளிம்புக்கும் நடுவே ஒரு பிடி ஈரப்புல்லை வாகாகக் கவ்வி, வேரோடு, மண்ணோடு பிடுங்கிக்கொண்டு போய்க் கேப்டனின் தோளுக்கு மேலாக எறிந்தது. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டாவது அடியும் அப்படியே. மூன்றாவதில் புல் மட்டையின் கழுத்தைச் சுற்றிக்கொள்ள, பெட்டிக்ரூ மட்டையோடு அரைவட்டம் சுற்றி உட்கார்ந்தார்.

“வலிக்கிற பல்ல விட்டுட்டுப் பக்கத்துப் பல்ல எடுத்துட்டாரு” என்று டேவி மூட்டத்துக்குள்ளிருந்து முணுமுணுத்தான். “எனக்கும் எம்பத்தி ஒம்பதுல இதேதான் பண்ணாரு.”

“சும்மா இருங்க டேவி.”

“நான் சும்மாத்தான இருக்கேன் உனாம்மா. மூணு பல்லு போயும் சும்மாத்தான் இருக்கேன்.”

ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு முறை புல் பெயர்ந்தபோதும் பெட்டிக்ரூ அதைத் தேடிப் பொறுக்கிக்கொண்டு வந்து, பெயர்ந்த பள்ளத்தில் வைத்து, காலால் மிதித்து மூடினார். கோட்டும் டையுமாக ஈரத்தில் மண்டியிட்டு, விரலால் விளிம்பைச் சரிசெய்தார். எவன் பெயர்த்தானோ அவனே பதிக்க வேண்டும் என்பது அங்கே பிள்ளைப் பிராயத்திலேயே படிந்துவிடும் பழக்கம். ரஃப்பில் யாரும் அதைச் செய்வதில்லை, அவர் செய்தார். அந்த மண்ணையும் வேரையும் பார்க்கப் பார்க்க உனாவுக்கு வயிறெரிந்தது. என்ன வேர். வெள்ளை வெளேரென்று, கைநீளம், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு. பத்து நாள் தண்ணீர்.

பதினொன்றாவது அடியில் பந்து ஒருவழியாக வெளியே வந்து முப்பது தப்படியில் மறுபடி ரஃப்பிலேயே விழுந்தது. கைதட்டலாமா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. பெட்டிக்ரூ மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மட்டையில் குறையில்லை, தன் கையில்தான் இன்று பதற்றம், கண்டுபிடித்தவனே சோதிப்பது முறையுமல்ல, நடுநிலையான ஒரு கை வேண்டும் என்றார். ஸ்மீட்டனுக்கு எழுபத்தெட்டு வயது. தோளைத் தொட்டுக் காட்டினார். ரோனா தான் எழுதுவதோடு சரி என்றாள். டேவி குழாய்க்குப் பின்னால் நகர்ந்தான். கேப்டனின் பார்வை சுற்றி வந்து உனாவிடம் நின்றது.

“உனக்கு அடிக்க வருமா உனா?”

கிளப்பில் மாடிப்படியின் கீழே, துடைப்பம் வைக்கிற அலமாரிக்கும் பெண்கள் கழிப்பறைக்கும் நடுவில் ஒரு மரப்பலகை இருக்கிறது. மாவட்டப் பெண்கள் கோப்பையை வென்றவர்களின் பெயர்கள் பொன்னெழுத்தில். அதில் அடுத்தடுத்து மூன்று வருஷம் உனா கார்கில் என்று எழுதியிருக்கும். பெட்டிக்ரூ வாரம் நான்கு நாள் அதைத் தாண்டித்தான் போகிறார்.

“கொஞ்சம் வரும்” என்றாள்.

பெட்டிக்ரூ பந்தை எடுத்துவந்து பழைய இடத்திலேயே புல்லுக்குள் போட்டார். மட்டை கைக்கு வந்ததும் அதன் லட்சணம் தெரிந்துவிட்டது. தலை கனம், எடை முழுவதும் முனைப்பக்கம். இதை வைத்துக்கொண்டு அடிப்பதற்குக் குடைக்கம்பு தேவலை. ஆனால் இந்தச் சனியன் ஜெயிக்காதவரை தொட்டி கிடைக்காது. தீர்மானத்தில் இருப்பது ஒரே வழி. பத்து நாளாகத் தனக்கு எதிரியாக இருந்ததைத் தானே தூக்கிவிட வேண்டியிருக்கிறதே என்று ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தை எடுத்து ஒருபக்கம் வைத்தாள். மட்டையைத் தரையில் ஊன்றவில்லை, காற்றிலேயே பிடித்தாள். பந்து நகரக் காரணம் கொடுக்கக் கூடாது. மட்டையின் தலையைச் சற்று வானம் பார்க்கச் சாய்த்து, விளிம்பு கவ்வாதபடி திருப்பி, இடதுகையின் கடைசி மூன்று விரல்களை இறுக்கி, புல்லைப் பற்றி நினைக்காமல் பந்தை மட்டும் நினைத்து, மேலிருந்து செங்குத்தாக இறக்கினாள்.

சத்தம் சின்னதுதான். ஈரத்துணியை ஒருமுறை உதறினாற்போல். கைக்கு ஒன்றுமே தெரியவில்லை. அப்படி ஒன்றுமே தெரியாமல் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று இருபது வருஷம் கழித்தும் கைக்கு நினைவிருந்தது. பந்து மூட்டத்துக்குள் ஏறி மறைந்தது. விழுந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

“நேரம்” என்று சொல்லி ஸ்மீட்டன் கடிகாரத்தை அமுக்கினார். தொலைந்த பந்தைத் தேட விதி கொடுப்பது மூன்று நிமிஷம். முன்பு ஐந்தாக இருந்தது. குறைத்ததை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. பெட்டிக்ரூ, ரோனா, டேவி மூவரும் தேடக் கிளம்பினார்கள். பெட்டிக்ரூ நேரே தன் பதினொன்றாவது அடி விழுந்த இடத்துக்குப் போய், அங்கிருந்து பத்துத் தப்படி சுற்றளவில், காலால் புல்லைக் கிளறத் தொடங்கினார். ரோனாவும் அவர் பின்னால் போய்க் கிளறினாள்.

“அங்க இல்ல கேப்டன்” என்றாள் உனா. “மேட்டத் தாண்டிப் போயிருக்கு. ஏழாவது பக்கம்.”

பெட்டிக்ரூ நிமிர்ந்தார். முகத்தில் கோபமில்லை, கெட்டுப்போன பல்லைக் காப்பாற்றச் சொல்லி அழுகிறவர்களிடம் காட்டும் அதே பரிவு. “எனக்கும் ஆசதான் உனா. ஆனா என் மட்ட எவ்ளோ தூரம் போகும்னு எனக்குத் தெரியாதா?”

ஏழாவது கிரீன் மேட்டுக்கு அந்தப் பக்கம், நூற்றைம்பது தப்படி. அவ்வளவு தூரம் அந்த மட்டை அடிக்கும் என்று அதைக் கண்டுபிடித்தவரே நம்பவில்லை. எட்டு மாதம் கொட்டகையில் உட்கார்ந்தவர், பத்திரிகையை வரவழைத்தவர், பத்துத் தொட்டித் தண்ணீரைப் புல்லில் கொட்ட வைத்தவர், முப்பது தப்படிக்கு மேல் ஓர் அடிகூட எடுத்துவைத்துத் தேடவில்லை. உனா தானே ஓடிப்போய்ப் பார்க்கத் திரும்பினாள். அடித்தவரும் தேடலாம், ஆனால் அங்கே போய்வர நேரம் பற்றாது என்றார் ஸ்மீட்டன், கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். நாற்பது விநாடி இருந்தது. முப்பது. பிறகு அவர் கையை உயர்த்தினார்.

“பந்து தொலைஞ்சது.”

பெட்டிக்ரூ உடனே தேடுவதை நிறுத்தினார். மூன்று நிமிஷம் என்றால் மூன்று நிமிஷம். அதற்குமேல் ஒரு புல்லை விலக்கினாலும் அது ஏமாற்று. ரோனா குறிப்பேட்டில் முடிவு இல்லை என்று எழுதிக்கொண்டாள். கண்டெடுக்கப்படாத பந்தை அளக்க முடியாது, அளக்காவிட்டால் சோதனை முடிந்ததாகாது என்று ஸ்மீட்டன் தீர்மானத்தை வாசித்துக் காட்டினார். அடி விழுந்த சத்தம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது என்று பெட்டிக்ரூ யோசனையோடு சொன்னார். அவ்வளவு சுத்தமாக மட்டை இறங்கியது என்றால், புல்லில் ஈரம் இன்னும் போதவில்லை என்றுதான் அர்த்தம். வெள்ளிக்கிழமை மறுபடி வைத்துக்கொள்வோம். அதுவரை தொட்டி முழுவதும், ஒரு சொட்டு வேறெங்கும் போகாமல், இங்கேயே. தொட்டியில் மிச்சமிருக்கும் மத்தியானத் தண்ணீரை இப்போதே திறந்துவிட்டால் நல்லது.

உனா வாயைத் திறந்தாள். இருபத்திரண்டு வருஷம் உள்ளே கிடந்ததெல்லாம் நாக்கு நுனிக்கு வந்து வரிசையில் நின்றது. எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் மூடிக்கொண்டாள். கேப்டனும் ஸ்மீட்டனும் ரோனாவும், ஆட்டுக்கறி வைத்துச் சுட்ட அப்பம் சூடாக இருக்கும்போதே போய்விடலாம் என்று கிளப்பை நோக்கி நடந்தார்கள். ரோனாவின் செருப்பு சப் சப் என்று மூட்டத்துக்குள் கரைந்தது.

தொட்டியின் வால்வுப்பெட்டி மேட்டின் உச்சியில் இருந்தது. இரண்டு குழாய்கள், ஒன்று பதினான்காவதுக்கு, ஒன்று ஏழாவது உள்பட்ட கடற்பக்கத்துக் கிரீன்களுக்கு. டேவி மூடியைத் தூக்கி வைத்துவிட்டு நீளக் காம்புச் சாவியை நீட்டினான். அவள் வாங்கிக்கொள்ளாமல் மேட்டின் அந்தப் பக்கம் இறங்கிப் போனாள். பழக்கத்தில் தப்படியை எண்ணினாள். ரஃப்பிலிருந்து மேடு வரை ஏற்கெனவே தெரியும். அதோடு சேர்த்து நூற்று நாற்பத்தெட்டில் பிஸ்கட் நிறம் மூட்டத்துக்குள்ளிருந்து எழுந்து வந்தது. கிரீனின் நடுவே, குழியிலிருந்து நான்கடி தள்ளி, பந்து உட்கார்ந்திருந்தது. வெள்ளையாக, சாவகாசமாக, கடைவாய்ப்பல் மேலே தெரிய.

அவள் குனிந்தாள். பந்தைத் தொடவில்லை. பக்கத்தில் விரலை வைத்துப் புல்லை அழுத்திப் பார்த்தாள். நுனி பொடிந்தது. அடியில், மண்ணோடு ஒட்டிய இடத்தில், ஒரு நூல் கனத்துக்குப் பச்சை இன்னும் இருந்தது.

திரும்பி மேடேறி வந்தபோது டேவி சாவியை அதேபோல் நீட்டிக்கொண்டே நின்றான்.

“எதத் தொறக்கணும் உனாம்மா?”

உனா சாவியை வாங்கி, பெட்டிக்குள் விட்டு, காலை ஊன்றிக்கொண்டு திருப்பினாள். முதலில் அசையவில்லை. பிறகு நிலத்துக்கடியில் எங்கேயோ ஒரு முனகல் கேட்டது. குழாய் இருமி, காற்றைத் துப்பி, அதன் பின்னால் தண்ணீர் ஓடுகிற சத்தம் வந்தது.

கிளப்பின் பக்கத்திலிருந்து பெட்டிக்ரூவின் குரல் மூட்டத்தில் மிதந்து வந்தது. வாயில் ஏதோ மென்றுகொண்டே கேட்கிற குரல்.

“உனா, தண்ணி தொறந்தாச்சா?”

“தொறந்தாச்சு கேப்டன்.”

மேட்டுக்குக் கீழே ஏழாவதின் விளிம்பில் தெளிப்பான் தலையைத் தூக்கி, ஒரு தரம் தடுக்கி, சுற்ற ஆரம்பித்தது. காய்ந்த புல்லில் முதல் துளிகள் விழ, சூடான சட்டியில் தெளித்தாற்போல் ஒரு வாசனை எழுந்தது. ஒவ்வொரு சுற்றிலும் தண்ணீர் பந்தின் மேல் விழுந்து வழிந்தது. மூன்றாவது சுற்றில் மை கசிந்து, பல்லின் வேர் இரண்டும் மெல்ல நீண்டு, புல்லை நோக்கி இறங்கத் தொடங்கின.